கொல்லைப்புறத்து ஆட்சேபனைகள்

கையைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டாம் சார். தொற்றுகிற வியாதி இல்லை. மருதாணி முள் கிழித்தது. மருதாணிக்கு முள் உண்டா என்று கேட்பீர்கள். பச்சையாக இருக்கும்போது தெரியாது. காய்ந்துவிட்டால் ஒவ்வொரு சிம்பும் முள்தான். என் மனைவியே இதை நம்பவில்லை. அவள் நம்பாத விஷயங்கள் நிறைய உண்டு, அது வேறு.

நீங்கள் தஞ்சாவூர் வரைக்குமா? நல்லது. நானும் அங்கேதான். புது பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

நான் ரெவின்யூவில் இருந்து ஓய்வு பெற்றவன். நில எடுப்புப் பிரிவு. ரோடு போட, பாலம் கட்ட என்று அரசாங்கத்துக்கு நிலம் எடுத்துக் கொடுப்பது. முப்பத்து நான்கு வருஷம். துணைத் தாசில்தாராக வெளியே வந்தேன். நான் தயாரித்த கோப்பு ஒன்றுகூடக் கோர்ட்டில் தோற்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றதைச் சொல்லும்போது இது உங்களுக்குத் தேவைப்படும்.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை. மதிலை ஒட்டி முப்பத்தெட்டடி நீளம், ஆறரை அடி அகலத்துக்குச் செடிகள். மருதாணி பதினான்கு, செம்பருத்தி ஐந்து, நந்தியாவட்டை ஒன்று. மங்கை வைத்தது. மங்கை என்றால் மங்கையர்க்கரசி, என் மனைவி. போன வருஷம் போர்த் தண்ணீர் உப்பாகி எல்லாம் காய்ந்துவிட்டன. காய்ந்ததன் மேல் கோவைக்கொடி ஏறிக்கொண்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சை. உள்ளே அத்தனையும் சுள்ளி. நான் கவனிக்கவில்லை. கொல்லைப் பக்கம் எனக்கு வேலை கிடையாது.

எங்களுக்கு ஒரே பெண், வினோதினி. தஞ்சாவூரில் கொடுத்திருக்கிறோம். தை மாதம் அவளுக்கு ஐந்து மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே பார்க்க வேண்டும். பங்குனியில் வளைகாப்பு, முடிந்த கையோடு கூட்டிவந்துவிடுவது என்று பேசி முடிக்கச் சம்பந்தியம்மா வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனவர், மருதாணிச் சிம்பில் ஒரு பாம்புச் சட்டை தொங்கி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் கத்தவில்லை. நல்ல குடும்பம். வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “கொல்லையக் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டா தேவல. பச்சை உடம்புக்காரி வர்ற எடம்” என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் மங்கை பிடித்துக்கொண்டாள். “ஒரு ஜேசிபியக் கூப்பிட்டா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும்” என்றாள்.

நான் ஜேசிபி வேண்டாம் என்றேன். காரணம் எதுவும் இல்லை சார், சர்வீஸில் நிறையப் பார்த்துவிட்டேன், அந்தச் சத்தம் பிடிக்காது. ஆளை வைத்துக் கையால் வெட்டலாம் என்று, தெருவில் சொன்ன பூமாலை என்கிற கூலி ஆளை வரச் சொன்னேன்.

பூமாலைக்கு ஐம்பது வயதிருக்கும். அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி என்று வந்து நின்றவன் என்னைப் பார்த்ததும், “நீங்கதானா சார்” என்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கீழக்கரட்டூர்க்காரன். புறவழிச்சாலைக்கு நாங்கள் அந்த ஊரில் அறுபத்திரண்டு வீடு எடுத்தோம். அதில் ஒன்று அவனுடையது. முகங்கள் எனக்கு நிற்காது. சர்வே நம்பரைச் சொல்லியிருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பேன்.

மாசிக் கடைசி. மதிலின் கிழக்கு மூலையில் ஆரம்பித்து இரண்டு மருதாணியைச் சாய்த்துவிட்டான். மூன்றாவதில் அரிவாளை ஓங்கியவன் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

“சார், இங்க கொண்டக்குருவி முட்டை விட்டிருக்கு. ரெண்டு. என்ன பண்ண?”

போய்ப் பார்த்தேன். தேங்காய் மூடி அளவில் ஒரு கூடு. குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. தலையில் கொண்டை, வாலுக்கடியில் சிவப்பு. என்னை நேராகப் பார்த்தது. பயப்படவில்லை. தன் பெயரில் பட்டா இருக்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

எனக்குப் பறவைகள் மேல் பிரியமெல்லாம் கிடையாது. வீட்டில் கிளி வளர்த்ததில்லை, கோழிகூட வளர்த்ததில்லை. எனக்குப் பிரியம் முறையின் மேல். குடியிருப்பவர் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு, முறைப்படி செய்யாமல் ஒரு சிம்பை வெட்டினாலும் அது தவறு. “வேலையை நிறுத்து” என்றேன்.

“நிறுத்திட்டேன் சார். அப்புறம்?”

“கள ஆய்வு.”

மூன்று நாள் ஆய்வு நடந்தது. பூமாலை புதரைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் கோடு போட்டான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டியல் எடுத்தேன். கொண்டைக்குருவி தம்பதி, முட்டை இரண்டு, நிரந்தரக் குடியிருப்பு. ஓணான் மூன்று. அதில் இரண்டு உள்ளூர், ஒன்று பக்கத்து மனையில் இருந்து வந்துபோவது. அணில் ஒன்று. தவிட்டுக்குருவி ஏழு, கூட்டுக் குடும்பம், சத்தம் அதிகம். கீரி ஒன்று, காலை ஏழு மணிக்கு மேற்கில் நுழைந்து கிழக்கில் போகிறது. அதைப் பாதை உரிமை என்று எழுதினேன். சாரைப் பாம்பு ஒன்று. நேரில் ஆஜராகவில்லை, சட்டை இருக்கிறது. ஆவண ஆதாரம் உண்டு என்று குறித்துக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். பூமாலையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சுண்ணாம்பு போட்டான்.

பிறகு அறிவிப்பு. மேற்படி புதரைப் பொது நன்மை கருதி அகற்ற உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தினமும் காலை பத்து முதல் பதினொன்று வரை கீழே கையொப்பமிட்டிருப்பவர் முன் ஆஜராகித் தெரிவிக்கலாம் என்றும் எழுதினேன். தா. வேதரத்தினம், துணை வட்டாட்சியர், ஓய்வு. மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணிக் கிளிப்பால் மருதாணியில் மாட்டினேன். நான்கு இடத்தில்.

மங்கை துணி காயப்போட வந்தவள் அதைப் படித்தாள். கிளிப்பு குறைந்ததால்தான் கவனித்தாள் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

“யாரு படிக்கப் போறாங்க இத?”

“படிப்பது அவர்கள் பொறுப்பு. ஒட்டுவது என் பொறுப்பு” என்றேன்.

“முப்பது நாள்னா பங்குனி தாண்டிடும். வளைகாப்பு பங்குனி பதினாலு.”

“முட்டை பொரிக்கப் பதினான்கு நாள், குஞ்சு பறக்கப் பன்னிரண்டு. இருபத்தாறு. நான்கு நாள் சலுகை. கணக்கு சரியாக இருக்கிறது.”

“அதுக்கு கணக்குப் போட்டாச்சு. அவளுக்கு?”

அந்தக் கேள்வி பட்டியலில் வரவில்லை.

பத்து மணிக்கு நாற்காலி போட்டு உட்காருவேன். வெயிலுக்குக் குடை. அறிவிப்பு எல்லோரையும் எட்டியிருக்க வேண்டும் என்பதற்காகத் தண்டோராவும் போட வைத்தேன். பூமாலை பழைய பெயிண்ட் டப்பாவைத் தட்டிக்கொண்டு புதரைச் சுற்றி வந்தான். “சகலமான குருவி, ஓணான், பாம்பு, கீரிகளுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா” என்று குரலெடுத்தான். நல்ல குரல். அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

முடித்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்தான். “எங்க ஊருக்கு இந்தத் தண்டோராகூடப் போடலியே சார்” என்றான்.

“உங்கள் ஊரை அவசரப் பிரிவில் எடுத்தோம். அவசரப் பிரிவில் எடுத்தால் ஆட்சேபனை கேட்க வேண்டியதில்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது.”

அவன் தலையாட்டினான். பீடி பற்ற வைத்தான். பிறகு, “அப்ப இதையும் அந்தப் பிரிவுல எடுத்துட வேண்டியதுதானே? பாப்பா வர்றது அவசரம்தானே சார்?” என்றான்.

படிக்காதவனாக இருந்தாலும் சரியான இடத்தில் கேட்டான். அதற்காகப் பொறுமையாக விளக்கினேன். அவசரம் என்றால் அதில் பொது நோக்கம் வேண்டும். புறவழிச்சாலை பொது நோக்கம். லாரி போகிறது, பஸ் போகிறது. என் மகளுடைய பிரசவம் தனிநபர் விஷயம். தனிநபர் விஷயத்துக்கு அவசரப் பிரிவைப் பயன்படுத்தினால் கோர்ட் தள்ளுபடி செய்துவிடும்.

“இடிச்சப்ப எங்க பெரியவ பொறந்து பதினோரு நாளு சார். வேப்பமரத்தடியில தொட்டி கட்டினோம்” என்றான்.

அந்த மரம் எங்கள் எல்லைக் கல்லுக்கு வெளியே இருந்தது சார். அங்கே தொட்டில் கட்டிக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன். அதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். ஒத்துக்கொண்டான். “ஆமா, ஜீப்புல உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டே சொன்னீங்க” என்றான். மோர் இல்லை, இளநீர். சிறிய விஷயம்தான், ஆனாலும் திருத்தினேன். அவனுக்கு ஞாபகசக்தி அபாரம். படித்திருந்தால் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு வந்திருக்கலாம்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. தஞ்சாவூர் மண்டபத்தில் சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கொல்லை ஆயிடுச்சா?” என்று கேட்டார். நடவடிக்கையில் இருக்கிறது என்றேன். குஞ்சு பொரித்து மூன்று நாள்தான் ஆகிறது, இன்னும் கண் திறக்கவில்லை, சித்திரை முதல் வாரத்தில் கூட்டிப்போகிறோம் என்றும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் யாருக்குக் குஞ்சு என்று விசாரித்தார்கள். விவரமாகச் சொன்னேன். வினோதினி இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டிடுங்கப்பா. வயித்து மேல” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்குச் சின்ன வயதில் இருந்தே நகைச்சுவை உணர்வு உண்டு. மங்கை மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் பேசி வைத்திருந்த காரில் நான் ஒருவன் மட்டும் திரும்பி வந்தேன். மங்கை மகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். மூன்று வாரம்தானே, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பங்குனிக் கடைசியில் குஞ்சுகள் பறந்தன. சித்திரை மூன்றாம் தேதி முப்பது நாள் கெடுவும் முடிந்தது. ஆட்சேபனை எதுவும் பதிவாகவில்லை. கூட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, மறுநாள் பூமாலையை வரச் சொன்னேன்.

ஆனால் அதற்கு முன்னால் மாற்றிடம் ஒதுக்க வேண்டும் அல்லவா. ஓணானுக்கு, அணிலுக்கு. வெட்டினபிறகு அவை எங்கே போகும்? அதனால் ஏற்கனவே சாய்த்த இரண்டு மருதாணிகளின் கிளைகளைக் கொல்லையின் மறுபக்கம், கிணற்றடி அருகில், அடுக்கி வைக்கச் சொன்னேன். காற்றோட்டமாக, கீழே சாக்கு விரித்து, மேலே ஓலை போட்டு. பூமாலை நன்றாகவே செய்தான். “எங்களுக்குக் கொடுத்த எடத்த விட இது எவ்வளவோ மேல் சார். தண்ணி பக்கத்துலயே இருக்கு” என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஒப்பீடு இருக்கும்.

மாற்றிடம் தயார். யார் வந்து குடியேறினார்கள் தெரியுமா? பட்டியலில் இல்லாதவர்கள். மூன்றே நாளில் குளவி கூடு கட்டிவிட்டது. எங்கிருந்தோ ஒரு தேரை. பக்கத்து மனை ஓணான், வந்துபோவது என்று எழுதினேனே, அது குடும்பத்தோடு வந்துவிட்டது. ஒரு மாதம் பார்த்தேன், உண்மையான பயனாளிகள் ஒருவரும் நகரவில்லை. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் நான் இதைத்தான் சார் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

இப்போது கொல்லையில் இரண்டு புதர். பழையதில் பழைய ஆட்கள், புதியதில் ஆக்கிரமிப்பாளர்கள். மங்கைக்குப் போனில் சொன்னேன். “தோசைக்கல்ல எங்க வெச்சிருக்கேன்னு தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். “அப்ப சரி” என்றாள். நான் தனியாகச் சாப்பிட்டுக்கொள்கிறேனா என்று அவளுக்குக் கவலை.

வைகாசி பத்து வாக்கில் கொண்டைக்குருவி மறுபடியும் கூடு கட்டிவிட்டது. அதே தம்பதிதான் என்று பூமாலை சொன்னான். அடுத்த மருதாணியில் மூன்று முட்டை. பட்டியல் மாறினால் அறிவிப்பும் மாற வேண்டும். இல்லையென்றால் முதலில் இருந்து எல்லாம் செல்லாது. இரண்டாவது அறிவிப்பு ஒட்டினேன். மறுபடி நாற்காலி, குடை, தண்டோரா.

வைகாசி இருபத்தொன்றாம் தேதி, காலை பத்தரை மணி. நாற்காலியில் இருக்கும்போது போன் வந்தது. மங்கை.

“பொண்ணு. மூணு கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சார். குடைக்குள் இருந்ததால் பூமாலை பார்க்கவில்லை. உடனே கிளம்பட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். நீங்க பஞ்சாயத்த முடிச்சுட்டு வாங்க” என்றாள்.

எனக்கு எவ்வளவு நிம்மதி. என்னைப் புரிந்துகொள்கிறவள். வினோதினி பிறந்தபோதும் நான் புறவழிச்சாலை வேலையாகக் களத்தில்தான் இருந்தேன், பத்தொன்பதாம் நாள்தான் போய்ப் பார்த்தேன். அதை மங்கை சொல்லிக் காட்டியதே கிடையாது. வருஷத்துக்கு ஒரு தரம் நினைவுபடுத்துவாள், அவ்வளவுதான். பதினொன்று அடிக்கும் வரை இருந்து அமர்வை முறையாக முடித்துவிட்டு, பூமாலைக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

“போய்ப் பாக்கலையா சார்?”

“முடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டாள்.”

அவன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். “குருவிக்கு நான் காவல் இருக்கேன். நீங்க போங்க” என்றான். நல்ல மனதோடு சொன்னான். ஆனால் அதிகாரத்தை அப்படி வாயால் ஒப்படைக்க முடியாது. அதற்கு எழுத்து வேண்டும். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எந்த விதியின் கீழ் ஒப்படைப்பது என்று யோசித்ததிலேயே சாயங்காலம் ஆகிவிட்டது.

ஆனி பன்னிரண்டில் இரண்டாவது குஞ்சுகளும் பறந்தன. சாரையைக் கடைசி வரை பார்க்க முடியவில்லை. ஒருதலைப்பட்சமாக முடிவெடுத்தேன். பூமாலை ஒன்றரை நாளில் மொத்தத்தையும் வெட்டி, வேரோடு தோண்டி, சமன் செய்து கொடுத்தான். நானும் கூடவே நின்று சிம்புகளை இழுத்துப் போட்டேன். கையில் பார்த்தீர்களே, அது அப்போது பட்டது. சர்க்கரை உடம்பு, கிழித்துப் புண்ணாகி இன்னும் ஆறவில்லை. அந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு இலை இல்லை. கீரி மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து, நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போயிற்று. அதன் பாதையில் நான் குறுக்கிடவில்லை.

மண் இறுகப் பத்து நாள் விட்டு, வினோதினிக்குப் போன் போட்டுக் கொல்லை தயார் என்று சொல்லிவிட்டு, அவளுக்கென்று வைத்திருந்த அறையைத் திறந்தேன். கொல்லைப் பக்கத்து அறை. வாடை போகட்டும் என்று அந்தப் பத்து நாளும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். மேலே பார்த்தால், சார், மின்விசிறிக்கு மேலே கம்பியை மூடிக்கொண்டு ஒரு கிண்ணம் இருக்குமே, அதில் கூடு. கொண்டைக்குருவி உட்கார்ந்திருக்கிறது. என்னை நேராகப் பார்த்தது.

பூமாலை ஸ்டூலை எடுத்து வந்துவிட்டான். “எறக்கி வெளிய வெச்சுடவா சார்? முட்டை ஒண்ணுதான் இருக்கு.”

“தொடாதே” என்றேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தை இடம்பெயர வைத்தது யார்? நான். ஒரே குடும்பத்தை இரண்டாவது தடவை வெளியேற்றுவதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. நான் தேடிவிட்டேன்.

பூமாலை ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்க ஆரம்பித்தான். முதலில் சாதாரணமாகத்தான் சிரித்தான். பிறகு நிறுத்த முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், துடைத்துக்கொண்டே இருந்தான். “அறுபத்திரண்டு வீடு சார்” என்றான். அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

வினோதினிக்கு மறுபடி போன் செய்து நிலைமையை விளக்கினேன். அந்த அறையில் விசிறி போட முடியாது, ஜன்னலைச் சாத்த முடியாது. ஆனால் ஹால் இருக்கிறது. ஹால் பெரியது. கட்டிலை ஹாலில் போட்டுவிடலாம், ஒரு மாதம்தான் என்றேன்.

“நானும் பாப்பாவும் ஹால்லயாப்பா?”

“ஹாலில் விசிறி இருக்கிறது. புது விசிறி.”

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் அதைச் சமாதானப்படுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரிப்பா. வெச்சுடறேன்” என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆட்சேபனை இருந்தால் சொல்லியிருப்பாள்தானே? அவள் வெளிப்படையாகப் பேசுகிற பெண்.

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. மங்கையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து, “நல்லா இருக்காங்க மாமா, தூங்கறாங்க” என்பார். மனிதர்கள் எவ்வளவு நேரம் தூங்குவார்கள்? ஆடி முழுக்கத் தூங்கினார்கள்.

விசிறிக் கூட்டில் இருந்து ஒரே ஒரு குஞ்சு. ஆடிக் கடைசியில் பறந்துவிட்டது. கூட்டை எடுத்தேன். அறையை நானே துடைத்தேன் சார். திரைச்சீலையைத் துவைத்தேன். விசிறியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லை. தொட்டிலுக்குக் கொக்கி அடிக்கச் சொன்னேன். பூமாலைதான் அடித்தான். எந்த உயரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தன் இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டி, “பாப்பாவோட அம்மா கை எட்டணும் சார், அதான் கணக்கு” என்றான்.

நேராக வீட்டுக்கே போகலாமே என்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கூப்பிடாத வீட்டுக்குள் எப்படி நுழைவது? சர்வீஸில் எத்தனையோ வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன், அது வேறு. அப்போது பின்னால் நான்கு போலீஸ்காரர்கள் நிற்பார்கள். தனியாக ஒரு வீட்டு வாசலில் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை சார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அதனால் பதிவுத் தபாலில் எழுதினேன். மேற்படி அறை காலியாகிவிட்டது, விசிறி இயங்குகிறது, எந்நேரமும் குடிவரலாம் என்று. இது தொடர்பாக நேரில் பேச விரும்பினால், வெள்ளிக்கிழமைதோறும் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை, தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டு, டீக்கடைக்கு எதிரில் உள்ள சிமெண்ட் பெஞ்சில் நான் இருப்பேன் என்று. அவர்கள் வீட்டில் இருந்து நடந்தால் பத்து நிமிஷம். அவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. வினோதினி கையெழுத்து. தன் முழுப் பெயரையும் போட்டிருந்தாள். ஆக, தபால் சேர்ந்துவிட்டது. அதில் சந்தேகம் இல்லை.

இது மூன்றாவது வெள்ளி. முதல் வாரம் யாரும் வரவில்லை. போன வாரமும் வரவில்லை. யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கலாம். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய? டீ குடித்துவிட்டு ஒரு மணி வரை இருந்து, ஒன்றே காலுக்கு ஒரு வண்டி இருக்கிறது, அதில் ஏறிவிடுவேன். இப்போது குழந்தைக்குக் கழுத்து நின்றிருக்கும். மூன்று மாதத்தில் நின்றுவிடுமாமே. டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

இதோ, ஸ்டாண்டு வந்துவிட்டது. வண்டி இப்படியே வளைந்துதான் உள்ளே போகும். உங்கள் பக்கத்து ஜன்னலில்தான் தெரியும். எனக்கு இவ்வளவு தூரம் கண் எட்டாது. டீக்கடை தெரிகிறதா? அதற்கு எதிரில் பெஞ்சு. யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெண்கள். ஒருவர் கையில் குழந்தை இருக்க வேண்டும். பூந்துவாலையில் சுற்றியிருப்பார்கள்.

காலியாகவா இருக்கிறது? நன்றாகப் பார்த்தீர்களா? சரி. சரி. இருக்கட்டும். இன்னும் பதினொன்று ஆகவில்லையே.